‘வெக்கேஷன்’ என்றால் எப்போதும் விடுமுறை அல்ல

போன வாரம் வந்த கடிதத்தோடு என் பொறுமை தீர்ந்துவிட்டது.

இலங்கை மலையகத்து ஹட்டனில் ஒரு போட்டோக்கொப்பிக் கடைக்குப் பின்னால், மேசை ஒன்றும் நாற்காலி இரண்டும் கொள்ளும் அறையில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளனாக உட்கார்ந்திருக்கிறேன். பிறப்புச் சான்றிதழும் திருமணச் சான்றிதழும்தான் அதிகம் வரும். அவற்றுக்கு நடுவே, யாரையோ எங்கிருந்தோ வெளியே அனுப்பும் ஆங்கிலக் கடிதங்களும் வரும். வேலையிலிருந்து, வீட்டிலிருந்து, பாடசாலையிலிருந்து, சில வேளை ஒரு நாட்டிலிருந்தே. சான்றிதழ்கள் அவசரமாக வரும். இந்தக் கடிதங்கள் எப்போதும் பிந்தித்தான் வரும்.

அன்று வந்தவர் ஒரு தாய். மலையிலிருந்து நேராக வந்திருந்தார். விரல் நுனிகளில் கொழுந்துக் கறை. பொலித்தீன் பைக்குள் நான்காக மடித்த கடிதம். மகன் கொழும்பில் ஒரு கம்பனியில் வேலை செய்தவன். காய்ச்சலோடு ஊருக்கு வந்து மூன்று கிழமை படுத்துவிட்டான். கம்பனி கடிதம் அனுப்பியது. பக்கத்து லயத்துப் பையன் அதைத் தொலைபேசியில் படம் பிடித்து, அது மொழிபெயர்த்துக் காட்டியதைப் பார்த்து, “அண்ணனுக்கு விடுமுறை கொடுத்திருக்கிறார்கள்” என்று வாசித்திருக்கிறான். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. உடம்பு தேறியதும் கம்பனி கூப்பிடும் என்று பிள்ளை காத்திருந்தான். பிறகு மரக்கறித் தோட்டத்தில் கூலிக்குப் போனான்.

“இன்னும் எத்தனை நாள் லீவு என்று பார்த்துச் சொல்லுங்கள், ஐயா” என்றார்.

கடிதத்தில் இருந்தது ‘வெக்கேஷன் ஒஃப் போஸ்ட்’. திகதியைப் பார்த்தேன். ஏழு மாதமும் ஒன்பது நாளும் கடந்திருந்தன.

இந்தச் சொல்லை இனியொரு முறை விளக்க எனக்குத் தெம்பில்லை. ஆகவே இங்கே எழுதிவிடுகிறேன். இலத்தீனில் ‘வக்காரே’ என்றால் வெறுமையாக இருத்தல். வேக்கன்ட் என்றால் வெற்றிடம். வெக்கேட் என்றால் காலி செய்தல். நீதிமன்றமும் பாடசாலையும் வெறுமையாகக் கிடக்கும் காலம் என்பதால் விடுமுறைக்கும் வெக்கேஷன் என்று பெயர் வந்தது. ‘வெக்கேஷன் ஒஃப் போஸ்ட்’ என்றால், நீங்கள் உங்கள் கதிரையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டீர்கள் என்று பொருள். அரசாங்கத் தமிழில் ‘பதவி வறிதாக்கல்’ என்பார்கள். ‘வறிது’ என்ற சொல்லை அகராதி இல்லாமல் விளங்கிக்கொள்பவர் எத்தனை பேர் என்று அந்தத் தமிழை எழுதியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

கவனியுங்கள், இந்தச் சொல்லில் துரத்தியவன் இல்லை. “நாங்கள் உன்னை நீக்கினோம்” என்று கம்பனி சொல்லவில்லை. “நீயே போய்விட்டாய்” என்கிறது. நீக்கினால் காரணம் காட்ட வேண்டும், விசாரணை வைக்க வேண்டும். நீயே போய்விட்டாய் என்றால் அந்தத் தலையிடி எதுவும் இல்லை. ஆனால் வேலைக்கு வராமல் இருந்தது மட்டும் போதாது, வேலையை விட்டுவிடும் எண்ணமும் இருந்திருக்க வேண்டும் என்பதே இலங்கைத் தொழில் வழக்குகளில் நிலைபெற்ற கொள்கை. நோயில் கிடந்தவனுக்கு அந்த எண்ணம் எங்கிருந்து வரும்? மருத்துவச் சான்றிதழை இணைத்து, பதிவுத் தபாலில் ஒரு பக்கப் பதில் போட்டிருந்தால் கதையே வேறு. தொழில் நியாய சபைக்குப் போவதென்றால் சேவை முடிந்த நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஏழு மாதத்தை விடுமுறை என்று நினைத்துக் கழித்துவிட்டார்கள்.

“என்ன சொல் போட்டால் என்ன ஐயா, எல்லாம் ‘போ’ என்பதுதானே?” இதை என் மேசைக்கு முன்னால் வாரம் ஒருவராவது சொல்கிறார். படித்தவர்களும் சொல்கிறார்கள். இல்லை. தயவுசெய்து இதை மறந்துவிடுங்கள். டிஸ்மிஸ் என்றால் உங்கள்மீது குற்றம் சுமத்தி அனுப்புகிறார்கள். ரிட்ரென்ச் என்றால் ஆள் குறைக்கிறார்கள். உங்கள்மேல் பிழை இல்லை. அப்படிக் குறைப்பதற்கு, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடமென்றால், 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி உங்கள் எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும். உங்களிடம் ஏதோ தாளில் கையொப்பம் கேட்பது ஏன் என்று இப்போது விளங்குகிறதா? சஸ்பெண்ட் என்றால் தொங்கவிடுதல். வேலை இன்னும் உங்களுடையதுதான். அரச ஊழியருக்கு வரும் இன்டர்டிக்ட், அதாவது பணித்தடையும் முடிவல்ல.

நேரெதிராகத் தவறியவர்களும் உண்டு. ‘உங்களை ஏன் டிஸ்மிஸ் செய்யக்கூடாது என்பதற்குக் காரணம் காட்டவும்’ என்று ஒருவருக்குக் கடிதம் வந்தது. அவருக்குத் தெரிந்த ஒரே சொல் டிஸ்மிஸ். அதை மட்டும் வாசித்துவிட்டு, வேலை போய்விட்டது என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். கேட்ட கேள்விக்குப் பதில் வராததால்தான் உண்மையில் டிஸ்மிஸ் செய்தார்கள்.

டிஸ்சார்ஜ் இன்னொரு வில்லங்கம். ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டினால் டிஸ்சார்ஜ். சந்தோஷமாக வீட்டுக்குப் போகலாம். நீதிமன்றத்தில் எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரை, டிஸ்சார்ஜ் செய்தால் விடுவித்தார்கள் என்று பொருள். வேலையில் டிஸ்சார்ஜ் என்றால் சோறு போயிற்று.

ஆங்கிலேயன் இந்த விடயத்தில் சொல்லை எண்ணி எண்ணித்தான் செலவழிப்பான். 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டியில் கைச்சாத்தான ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுக்கு ஒரு சொல்: டெபோஸ்ட், அரசுக் கட்டிலிலிருந்து இறக்கப்பட்டவன். அவன் உறவினருக்கு வேறு சொல்: எக்ஸ்க்ளூடட், அரியணைக்கு என்றென்றும் புறம்பானவர்கள். கண்டி மாகாணங்களிலிருந்து அனுப்பப்பட்ட ‘மலபார்’ ஆண்களுக்கு, அதாவது நம்மவர்களுக்கு, மூன்றாவது சொல்: எக்ஸ்பெல்ட். அதோடு விடவில்லை, திரும்பி வரத் தடை என்று நான்காவது சொல்லும் போட்டார்கள். எக்ஸ்பெல் என்றால் வெளியே தள்ளுவது மட்டும்தான்; தள்ளியவன் திரும்பி வரலாமா என்பது அதில் இல்லை என்று எழுதியவனுக்குத் தெரிந்திருந்தது. 1816இல் அரசனை வேலூருக்குக் கப்பலேற்றினார்கள். இருநூறு ஆண்டுக்கு முன் அந்த ஆங்கிலேயன் பிரித்துப் பார்த்ததை நாம் இன்னும் ‘போ’ என்று ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறோம்.

நம் மலைக்கே உரிய சொல் ஒன்று இருக்கிறது, ரிபேட்ரியேட். மூதாதையர் நாட்டுக்குத் திரும்ப அனுப்புதல். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், நாடற்றிருந்த மலையகத் தமிழரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இங்கே என்று பங்கு பிரித்தார்கள். மீதி ஒன்றரை இலட்சத்தை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். தலவாக்கலையில் பிறந்து, தலவாக்கலைக்கு அப்பால் எதையும் பார்த்திராதவர்களையும் தலைமன்னாரில் கப்பலேற்றி, அதற்கு ‘திரும்புதல்’ என்று பெயர் வைத்தார்கள். போகாத ஊருக்கு எப்படித் திரும்புவது? அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்யும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும்.

எரிச்சல் வந்தாலும் சொல்லை மாற்றக்கூடாது. சில வருடங்களுக்கு முன் ஒரு குடும்பம், பாட்டனாரின் கோப்புக்காக வேறொருவர் செய்த மொழிபெயர்ப்பைத் திருத்தக் கொண்டுவந்தது. ரிபேட்ரியேட் என்ற இடத்தில் ‘நாடுகடத்தப்பட்டவர்’ என்று எழுதியிருந்தார். அது டிபோர்ட் என்பதற்கான தமிழ். அதிகாரி, பாட்டனார் செய்த குற்றம் என்னவென்று கேட்டாராம். மொழிபெயர்த்தவரின் மனச்சாட்சியை நான் குறை சொல்லமாட்டேன். நானும் அவர் கட்சிதான். ஆனால் ஆவணத்தில் அந்த மனிதர் குற்றவாளி ஆகிவிட்டாரே.

மத்திய கிழக்குக்குப் போய்வந்த பிள்ளைகளுக்கும் இதுதான் சிக்கல். எஜமானர் கொடுமையால் தூதரகத்தில் தஞ்சம் புகுந்து வந்தவள், ஒப்பந்தம் முடிந்து வந்தவள், டிபோர்ட் செய்யப்பட்டவள் எல்லோரும் ஊருக்கு ‘திருப்பி அனுப்பினார்கள்’ என்றே சொல்கிறார்கள். அடுத்த நாட்டு விசாப் படிவம் அவற்றைத் தனித்தனியாகக் கேட்கும்: விசா மறுக்கப்பட்டதா, எல்லையில் திருப்பினார்களா, அகற்றினார்களா, நாடுகடத்தினார்களா. “என்னை யாரும் துரத்தவில்லை” என்று எல்லாவற்றுக்கும் இல்லை போடாதீர்கள். மறுப்பை மறுப்பு என்றே எழுதுங்கள். பழைய மறுப்பு மன்னிக்கப்படலாம். பொய்யைச் சில நாடுகள் வருடக்கணக்கில் மன்னிப்பதில்லை. முகவர் நிரப்பித் தருவார் என்று வெற்றுப் படிவத்தில் கையொப்பமிடும் பழக்கத்தை எப்போதுதான் விடப் போகிறீர்களோ.

லயக் காம்பராவுக்கு வரும் ‘நோட்டீஸ் டு குவிட்’, அதாவது வீட்டைக் காலி செய்யச் சொல்லும் அறிவித்தல் பற்றி ஒன்று மட்டும். அதைக் கிழித்துப் போடுவதும், அன்றைக்கே சாமான் கட்டுவதும் இரண்டும் பிழை. எந்தச் சட்டத்தின் கீழ், எந்தத் திகதிக்குள் என்று பாருங்கள். அந்தத் தாளோடு சட்டத்தரணியிடமோ தொழிற்சங்கத்திடமோ போங்கள்.

ஆங்கிலக் கடிதம் வந்தால் அன்றே யாரிடமாவது காட்டுங்கள். தொலைபேசியிடம் மட்டும் காட்டாதீர்கள். “நானாகவே விலகுகிறேன்” என்று எழுதித் தரச் சொன்னால் எழுதாதீர்கள், எவ்வளவு அன்பாகக் கேட்டாலும். டிஸ்மிஸ் என்ற சொல்லுக்கு வெட்கப்பட்டு ஊழியர் சேமலாப நிதியைக் கேட்காமல் விடாதீர்கள். அது உங்கள் காசு. உறையையும் எறியாதீர்கள். எப்போது வந்தது என்பதற்குத் தபால் முத்திரைதான் சாட்சி.

அந்த அம்மாவிடமும் உறையைக் கேட்டேன். மழை நாள், ஈர விறகு, அடுப்புப் பற்றவைத்துவிட்டாராம். மொழிபெயர்ப்பை எழுதி, ‘பதவியைத் தாமாகவே கைவிட்டமை’ என்ற வரியை வாசித்துக் காட்டினேன்.

“அவன் எங்கே ஐயா விட்டான்? காய்ச்சலில் கிடந்தானே” என்றார்.

இதையே சட்டத்தரணியிடம் சொல்லுங்கள் அம்மா, கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு போங்கள் என்று அனுப்பிவைத்தேன்.