வளிமண்டலம்: சொல் விளக்கம்

வத்தலக்குண்டில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் கொடைக்கானல் போய்ச் சேர்வதற்குள் பலூன் மாதிரி உப்பிவிடும். பாக்கெட்டுக்குள் காற்று கூடவில்லை. வெளியிலிருந்து அதை அமுக்கிக்கொண்டிருந்த காற்றுதான் மலை ஏற ஏறக் குறைகிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் இருக்கும் 2,343 மீட்டர் உயரத்தில், கடற்கரைக் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்குதான் மிஞ்சும். பூமியைப் போர்த்தியிருக்கும் இந்தக் காற்றுதான் வளிமண்டலம். 'வளிமண்டல மேலடுக்கு சுழற்சி' என்று மழைச் செய்தியில் கேட்டுக் கேட்டு எல்லார் காதிலும் பதிந்துவிட்ட சொல்.

இதற்கான ஆங்கிலச் சொல் 'அட்மாஸ்ஃபியர்' கிரேக்க வேர்களால் ஆனது. அட்மோஸ் என்றால் ஆவி, ஸ்ஃபைரா என்றால் பந்து. ஆக, ஆவிப்பந்து. ஆங்கிலத்தில் அது முதலில் எழுதப்பட்டது 1638-ல், நிலாவைப் பற்றி. நிலாவுக்கோ சொல்லும்படியான வளிமண்டலமே கிடையாது!

தமிழ்ச் சொல்லில் ஆவியும் இல்லை, பந்தும் இல்லை. வளி என்றால் காற்று, மண்டலம் என்றால் வட்டம். புறநானூற்றின் 30-ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் 'மண்டிலமும், வளி திரிதரு திசையும், வறிது நிலைஇய காயமும்' என்று அடுக்குகிறார். காற்று திரியும் இடம் வேறு, வெறிதே நிற்கும் ஆகாயம் வேறு. இவற்றையெல்லாம் 'சென்று அளந்து அறிந்தார் போல' இவ்வளவு என்று சொல்பவர்களும் உண்டு என்கிறார். இந்த அடியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வானியலாளர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

வேறு விண்மீன்களைச் சுற்றும் புறக்கோள்களுக்கு யாரும் போனதில்லை. ஆனாலும் அங்கே என்ன வளி, அதாவது வாயு, இருக்கிறது என்று ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கோள் தன் விண்மீனுக்குக் குறுக்கே போகும்போது, விண்மீன் ஒளியில் ஒரு துளி கோளின் விளிம்பில் உள்ள வளியைக் கடந்து நம்மிடம் வருகிறது. ஒவ்வொரு வளியும் தனக்கென்று உள்ள நிறங்களை விழுங்கிவிடும். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலையில் எங்கெங்கே ஒளி குறைகிறது என்று பார்த்தால் விழுங்கியது யார் என்று தெரிந்துவிடும். இப்படித்தான் 2001-ல் ஹப்பிள் தொலைநோக்கி வழியாக ஒரு புறக்கோளில் சோடியம் இருப்பதை முதன்முதலில் கண்டார்கள். 2022-ல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி சுமார் 700 ஒளியாண்டு தொலைவில் உள்ள வாஸ்ப்-39பி கோளில் கரியமில வாயுவைக் காட்டியது.

நிறமாலையைப் படிக்கும் இந்த வித்தை பழனி மலைக்குப் புதிதில்லை. 1909-ல் கொடைக்கானலில் வானியலாளர் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளின் நிறமாலைக் கோடுகள் (ஒளி குறைந்த இடங்கள்) சற்று நகர்ந்திருப்பதைப் பார்த்து, அங்கே வளி வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று கண்டுபிடித்தார்.

சரி, காற்றுமண்டலம் என்றே சொன்னால் என்ன? பூமிக்குப் பொருந்தும். ஹைட்ரஜன் நிறைந்த வியாழனுக்குச் சொன்னால், நாம் மூச்சுவிடும் காற்று அங்கேயும் இருப்பதுபோலத் தோன்றிவிடும். எந்த வாயுவுக்கும் பொருந்தும் வளிக்கு அந்தச் சிக்கல் இல்லை. வாயுவைக் குறிக்கும் 'வளிமம்' என்ற சொல்லும் அதிலிருந்து பிறந்ததுதான். அப்புறம், எழுதும்போது ளகரம் முக்கியம். 'வழிமண்டலம்' என்று பலர் எழுதுகிறார்கள். வழி என்றால் பாதை.