தட்டில் உள்ள இரும்பு உடலில் சேர்வது எப்படி?

பள்ளி உணவுக்குப் பட்டியல் போடுபவர்கள் ஒவ்வொரு பொருளிலும் எத்தனை மில்லிகிராம் இரும்புச்சத்து என்று கூட்டிப் பார்த்து, கணக்கு நேரானதும் கோப்பை மூடிவிடுகிறார்கள். குடல் அந்தக் கோப்பைப் படிப்பதில்லை. பருப்பு, கீரை, தானியங்களில் உள்ள இரும்பில் ஏறத்தாழ 2 முதல் 20 சதவீதம்தான் ரத்தத்தில் சேர்கிறது. இந்த இடைவெளியைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு சமையல்கூடத்துக்கு உண்டு.

தாவர உணவில் இரும்பு பெரும்பாலும் ஃபெரிக் என்ற, ஓர் எலக்ட்ரான் குறைந்த வடிவில் இருக்கிறது. ஆனால் சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் உள்ள கடத்திப் புரதம் ஃபெரஸ் என்ற மற்றொரு வடிவத்தைத்தான் செல்லுக்குள் விடும். வைட்டமின் சி ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து முன்னதைப் பின்னதாக மாற்றுகிறது. இரும்பைப் பற்றிக்கொண்டு கரைந்த நிலையிலும் வைத்திருக்கிறது. இதற்கு நேர்மாறாக வேலை செய்வது ஃபைட்டிக் அமிலம். தானியங்களும் பயறுகளும் பாஸ்பரஸைச் சேமித்து வைக்கும் வடிவம் அது. இரும்பும் துத்தநாகமும் அதன் பிடியில் சிக்கினால் பெரும்பகுதி கழிவோடு போய்விடும். தேநீரில் உள்ள பாலிஃபீனால்கள் என்ற துவர்ப்புப் பொருள்களும் இரும்பை இப்படியே முடக்குகின்றன.

வைட்டமின் சி அதே வேளை உணவில் இருந்தால்தான் பயன். காலையில் தின்ற ஆரஞ்சு மதியப் பருப்புக்கு உதவாது. வைட்டமின் சியோ வெப்பத்தில் சிதையும், தண்ணீரில் கரைந்து போகும். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்காக அண்டாவில் வெந்து, பரிமாறும்வரை மணிக்கணக்காகச் சூட்டிலேயே கிடக்கும் காய்கறியில் மிஞ்சுவது கொஞ்சம்தான். எனவே எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்தபின், பரிமாறுவதற்குச் சற்று முன்பு பிழிய வேண்டும். பயறை முந்தைய நாளே ஊறவைத்து முளைகட்டினால் ஃபைட்டேஸ் என்ற நொதி செயல்படத் தொடங்கி, ஃபைட்டிக் அமிலத்தை ஓரளவு உடைத்துவிடும். மாவைப் புளிக்கவைப்பதிலும் இதே பலன் கிடைக்கிறது. செலவு அதிகமில்லை, முதல் நாள் மாலையே யாராவது நினைவாகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

செறிவூட்டிய அரிசி இன்னொரு வழி. அரிசி மாவுடன் இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, இயந்திரத்தில் அழுத்தி அரிசி வடிவிலேயே மணிகளாக்குகிறார்கள். சாதாரண அரிசி 100 பங்குக்கு இந்த மணி 1 பங்கு என்பது வழக்கமான கலவை. சத்து மணிக்குள்ளேயே இருப்பதால் கழுவினாலும் பெரிதாகக் குறையாது. இதில் சேர்க்கும் ஃபெரிக் பைரோபாஸ்பேட் என்ற இரும்புச் சேர்மம் வெண்ணிறமானது, தண்ணீரில் கரையாதது. அதனால் சோற்றின் நிறமும் சுவையும் கெடுவதில்லை. ஆனால் அதே கரையாத தன்மையால் குடலிலும் அது எளிதில் உறிஞ்சப்படுவதில்லை! எலுமிச்சை இங்கேயும் கைகொடுக்கும். சமையல்காரரிடம் விளக்காமல் மூட்டையை மட்டும் அனுப்பினால், நிறம் சற்று மாறித் தெரியும் அந்த மணிகளைக் கலப்படம் என்று பொறுக்கி எறிந்துவிடக்கூடும்.

பிள்ளைக்குத் தொற்று இருந்தால் இத்தனை ஏற்பாடும் பாதி வீண். உடலில் அழற்சி ஏற்படும்போது கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. குடல் செல்லுக்குள் நுழைந்த இரும்பு ரத்தத்துக்குப் போகும் கதவை அது அடைத்துவிடும். சில நாட்களில் அந்தச் செல் உதிரும்போது இரும்பும் சேர்ந்தே வெளியேறுகிறது. கொக்கிப்புழு இருந்தால் குடல் சுவரிலிருந்து ரத்தமே பறிபோகும். கை கழுவும் சோப்பையும் குடற்புழு மாத்திரையையும் உணவுச் செலவுக் கணக்கிலேயே எழுதலாம் என்பேன்.