கச்சான் அடித்தால் 251

பாம்பன் தீவின் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு பாலிடெக்னிக் மாணவி எழுதியிருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் பனங்கம்பு ஒன்றை நட்டு, உச்சியில் காற்றுமானியைக் கட்டி, அதன் ஒயரை ஒரு டிபன் டப்பாவுக்குள் இறக்கியிருக்கிறார். டப்பாவுக்குள் ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி. வடக்கிலிருந்து வரும் காற்றுக்குக் கூட்டல் குறி, தெற்கிலிருந்து வரும் காற்றுக்குக் கழித்தல் குறி என்று வைத்து, சி மொழியில் அவரே நிரல் எழுதியிருக்கிறார். மார்கழியில் வாடை அடித்தவரை எண்கள் ஒழுங்காக வந்தன. வைகாசியில் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று எழும்பியதும் நொடிக்கு 251 மீட்டர் என்கிறது. எந்தப் புயலுக்கும் அந்த வேகம் கிடையாது. அதே அளவுகளை லேப்டாப்பில் கொடுத்தால் −5 என்று சரியாக வருகிறதாம்.

கூடவே இன்னொரு கேள்வியும் கேட்டிருக்கிறார். ஒரு மென்பொருளின் புதிய பதிப்பு வந்துவிட்டது என்று படித்தாராம். லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான டெபியனின் ‘டெஸ்டிங்’ கிளையில் பல நாளாகியும் அது வரவில்லை, ஏன்? இரண்டு கேள்விக்கும் வேர் ஒன்றுதான்.

லேப்டாப்பில் இருப்பது இன்டெல், ஏஎம்டி வகை சிப். பை-யில் இருப்பது ஆர்ம். இரண்டும் வேறு வேறு கட்டளைகளைப் புரிந்துகொள்பவை என்பதால் நிரலை ஒவ்வொன்றின் கட்டளைகளுக்கும் தனியாக மாற்றுகிறோம், அதாவது கம்பைல் செய்கிறோம். இது தெரிந்த கதை. கம்பைல் ஆகிவிட்டால் இரண்டிலும் ஒரே விடைதானே வர வேண்டும்? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

சி மொழியில் ‘சார்’ என்று ஒரு வகை உண்டு. எட்டு பிட் இடம், அதாவது 0 அல்லது 1 வைக்கும் எட்டுக் கட்டங்கள். இதுவே ஒரு பைட். சின்ன எண்களுக்கு அது போதும் என்று மாணவி அதைத்தான் எடுத்திருக்கிறார். அவர் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் பிட் வரிசை 11111011. இதை நேராகக் கூட்டினால் 128, 64, 32, 16, 8, 2, 1 சேர்ந்து 251. இப்போது இடது ஓரத்து பிட்டை மட்டும் 128 என்று எண்ணாமல் −128 என்று எண்ணுங்கள். மீதி 123. இரண்டையும் சேர்த்தால் −5! பெட்டியில் ஒரு பிட்கூட மாறவில்லை. படிக்கிற முறைதான் மாறியது. வாடைக்கு வந்த எண்களில் அந்த ஓர பிட் 0, அதனால் எப்படிப் படித்தாலும் ஒரே விடை. மாதக்கணக்கில் பிழை ஒளிந்திருந்தது அப்படித்தான்.

வெறும் ‘சார்’ என்று எழுதினால் எந்த முறையில் படிப்பது? சி மொழியின் தரநிலை அதைக் கம்பைலர் செய்பவரிடமே விட்டுவிட்டது. இன்டெல் வகையில் குறியோடு படிப்பது வழக்கமானது. ஆரம்பகால ஆர்ம் சிப்களிலோ, நினைவகத்திலிருந்து ஒரு பைட்டை எடுக்கும் கட்டளை, 32 பிட் பெட்டியில் மேலே மீதமிருக்கும் 24 பிட்டையும் பூஜ்யத்தால் நிரப்பிவிடும். குறியைக் காப்பாற்றக் கூடுதல் கட்டளைகள் வேண்டும். அந்தச் செலவு எதற்கு என்று குறியில்லாமல் படிப்பதையே வழக்கமாக்கினார்கள். பிறகு வந்த ஆர்ம் சிப்களில் குறியோடு எடுக்கும் கட்டளை சேர்ந்துவிட்டது. லினக்ஸில் பழைய வழக்கம் மட்டும் நின்றுவிட்டது. என்றோ ஒரு சிப்பில் மிச்சம் பிடித்த கட்டளை இன்று தங்கச்சிமடத்துக் காற்றைத் திசை மாற்றிக் காட்டுகிறது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது வியப்புத்தான்.

2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியான டெபியன் 13 ‘ட்ரிக்ஸி’ முழுமையாக ஆதரிக்கும் சிப் வகைகள் ஏழு. அவற்றில் லேப்டாப்பில் இருக்கும் இன்டெல், ஏஎம்டி வகையான ஏஎம்டி64 ஒன்றுதான் ‘சார்’ வகையைக் குறியோடு படிக்கிறது. மற்ற ஆறும் குறியில்லாமல். ஐபிஎம் பெருங்கணினிகளுக்கான எஸ்390எக்ஸ், எண்ணின் பைட்டுகளை அடுக்கும் வரிசையிலேயே மற்ற ஆறுக்கும் எதிர்.

பாம்பன்காரர்களுக்கு இது புதிதில்லை. கச்சான் காலத்தில் தென்கடல் குமுறும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடைக் காலத்தில் தலைகீழ். அடங்கிய கடலில் மட்டும் ஓட்டிப் பார்த்த வள்ளத்தை நல்ல வள்ளம் என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள்.

டெபியன் செய்வதும் அதுதான். புதிய பதிப்பு முதலில் ‘அன்ஸ்டேபிள்’ என்ற கிளைக்குள் வரும். அங்கிருந்து ‘டெஸ்டிங்’குக்கு அனுப்பலாமா என்று பார்ப்பது ‘பிரிட்னி’ என்ற நிரல். அவசரத்தைப் பொறுத்து 2, 5 அல்லது 10 நாள் அங்கேயே கிடக்க வேண்டும் என்பது பொது விதி. முன்பு எந்தெந்தச் சிப்புக்கு அந்த பேக்கேஜ் (நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள் பொட்டலம்) இருந்ததோ, அத்தனைக்கும் புதியதும் கம்பைல் ஆகியிருக்க வேண்டும். பெரிய பிழை புதிதாக முளைத்திருக்கக் கூடாது. அதை நம்பியிருக்கும் மற்ற பேக்கேஜ்கள் உடையக் கூடாது. ஏஎம்டி64-இல் பிரமாதமாக ஓடினாலும் எஸ்390எக்ஸில் கம்பைல் ஆகவில்லை என்றால், அந்தப் பதிப்பு எல்லோருக்கும் நிற்கும். நீங்கள் காத்திருந்தது, பெரும்பாலும் இப்படி ஒரு சிப்புக்காக இருக்கும். டெஸ்டிங்கில் சேர்ந்தவை பிறகு உறைநிலையில் வைக்கப்பட்டு, ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ‘ஸ்டேபிள்’ ஆகின்றன.

ஆனால் ‘சார்’ பிழையில் கம்பைலர் வாயே திறக்காது. ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். அதனால் பேக்கேஜோடு வரும் சோதனைகளைச் சிப் வாரியாக ஓட்டுகிறார்கள். முன்பு தேறியது இப்போது தவறினால் கதவு திறக்காது.

நம் கல்லூரி ஆய்வகங்களில் இருபது கணினி இருந்தால் இருபதும் ஒரே வகை சிப். பிள்ளைகளுக்கு இந்தப் பிழையைப் பார்க்கும் வாய்ப்பே இல்லை. சென்னை ஐஐடி ‘சக்தி’ என்று, இன்டெல், ஆர்ம் இரண்டிலும் சேராத ரிஸ்க்-வி வகை சிப்பையே வடிவமைத்திருக்கிறது. ரிஸ்க்-வி போர்டு ஒன்றும் ஆர்ம் போர்டு ஒன்றும் கடலோரத்து பாலிடெக்னிக் ஒவ்வொன்றுக்கும் வாங்கித் தர அரசுக்குப் பெரிய செலவாகாது. ஆய்வுப் பணம் என்றாலே பெரிய கட்டடம் என்று நினைப்பதை விட வேண்டும்.

சரி, உங்கள் நிரலுக்கு வருவோம். ‘சார்’ என்று இருக்கும் இடத்தில் ‘சைன்டு சார்’ என்று எழுதிவிடுங்கள், எல்லாச் சிப்பிலும் −5தான் வரும். புதிய பதிப்புகளைப் பார்க்க ஆசையென்றால் லேப்டாப்பில் டெஸ்டிங் போடுங்கள். கம்பத்தடி டப்பாவில் ஸ்டேபிளே இருக்கட்டும். இதுவரை பதிந்த கோப்பை அழித்துவிடாதீர்கள். 127-க்கு மேல் உள்ள ஒவ்வொரு எண்ணிலிருந்தும் 256-ஐக் கழித்தால், வைகாசியில் அடித்த கச்சான் முழுசாகத் திரும்பக் கிடைக்கும்.