எட்டு அறையும் ஐந்து மாத சீசனும்: முகாமைத்துவம் படிக்க யோசிப்பவர்களுக்கு

உயர்தரப் பெறுபேறு வந்த கிழமைகளில் என் அலுவலகத்துக்குக் கணக்குக் காட்ட வருபவர்களைவிடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருபவர்கள் அதிகம். திருகோணமலை நகரில் சிறிய கணக்காய்வு அலுவலகம் வைத்திருக்கிறேன். கடைகள், விருந்தினர் விடுதிகள், படகு முதலாளிகள், ஒன்றிரண்டு ஒப்பந்தக்காரர்கள் என்று இவர்களுடைய புத்தகங்களைப் பார்ப்பதுதான் தொழில். அதனால் "சேர், மகளுக்கு மனேஜ்மென்ட் கிடைக்கும் போல இருக்கு, போடலாமா?" என்ற கேள்வியும் என் மேசைக்கு வந்துவிடுகிறது.

ஏன் மனேஜ்மென்ட் என்று திருப்பிக் கேட்பேன். அநேகமாக இரண்டு பதில்தான். "கொமர்ஸ் படிச்சவள், வேற என்னத்தைப் படிக்கிறது?" என்பது ஒன்று. "பிறகு சொந்தமா ஏதாவது தொடங்கலாம்தானே" என்பது மற்றது.

இரண்டாவதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். என்னிடம் வருபவர்களில் நன்றாக உழைக்கிற பலர் உயர்தரப் பக்கமே போகாதவர்கள். கருவாடு வாங்கி விற்கும் ஒருவர் இருக்கிறார். யார் யார் எவ்வளவு தரவேண்டும், யார் எப்போது இழுத்தடிப்பார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த மூக்கை எந்தப் பீடமும் தராது. பட்டத்தில் கிடைப்பது வேறு சரக்கு. ஒரு நிறுவனத்தின் உள்ளே போகாமலே அதன் எண்களை வைத்து எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்கப் பழகலாம். அந்த வேலை பிடிக்குமா என்பதுதான் பிள்ளையிடம் கேட்கவேண்டியது.

அதற்கு நான் ஒரு கணக்குக் கொடுப்பேன். உப்புவெளியில் எட்டு அறை விடுதி. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் சம்பளம், வங்கிக் கடன், மின்சாரம் என்று மாதம் 3 லட்சம் போகிறது. வருடத்துக்கு 36 லட்சம். நமது கடற்கரைக்கு வெளிநாட்டுக்காரர் வருவது பெரும்பாலும் சித்திரையிலிருந்து புரட்டாதி வரை. மாரியில் கடலும் கொந்தளிக்கும், அறையும் வெறுமையாகக் கிடக்கும். ஆகவே நல்ல ஐந்து மாதம், 150 இரவு என்று வைப்போம். எட்டு அறையும் நிரம்பினால் 1200 அறை இரவுகள். ஒரு இரவுக்கு 3000 ரூபாய் எடுத்தால் அந்த நிலையான செலவு மட்டும் தீரும். பாதிதான் நிரம்பியது என்றால் 6000. சாப்பாடு, சலவை, இணையத்தில் பதிவு செய்து தருபவர்களின் கொமிஷன் எல்லாம் இதற்கு மேலே.

சில பிள்ளைகள் விடையைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். சிலர் "மாரியில வேலைக்காரரை என்ன செய்வாங்க?" என்று கேட்பார்கள். ஒருத்தி, "ஊழியர் சேமலாப நிதி கட்டுறவங்களா சேர்?" என்று கேட்டாள். (ஓய்வுக்காலத்துக்கென்று சம்பளத்தில் முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம் கட்டுவது; அதோடு முதலாளி மட்டும் கட்டும் ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம். பாடத்தில் படித்ததை அவள் மறக்கவில்லை.) அப்படிக் கேட்கிற பிள்ளையைத் தயங்காமல் அனுப்புங்கள் என்பேன். விடையோடு நின்ற பிள்ளையை வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் வேறு என்ன பிடிக்கும் என்று ஒரு மணித்தியாலம் பேசிப் பார்க்கச் சொல்வேன்.

இதில் எனக்கு அனுபவம் உண்டு. சில வருடங்களுக்கு முன் பயிற்சிக்கு ஒரு தம்பி வந்தார். பல்கலைக்கழகம் எது என்பது இங்கே தேவையில்லை. சந்தைப்படுத்தல் கோட்பாடுகளை அழகாகச் சொன்னார், நிகழ்த்துகை ஸ்லைடுகள் பளபளத்தன. வங்கிக் கணக்கிணக்கக் கூற்றைக் கொடுத்தேன், அதாவது நமது புத்தக மீதியும் வங்கி சொல்லும் மீதியும் ஏன் வித்தியாசப்படுகிறது என்று பார்க்கும் வேலை. கொடுத்த காசோலை இன்னும் வங்கிக்குப் போகவில்லை என்பதைப் பிடிக்க அவருக்கு மூன்று நாள் ஆயிற்று. பிழை அவரிடம் மட்டும் இல்லை. நான்கு வருடமும் உண்மையான கணக்குக் கொப்பி ஒன்றை யாரும் அவர் கையில் கொடுக்கவில்லை. ஆகவே எங்கே படித்தாலும் முதலாம் வருட விடுமுறையிலேயே யாருடைய கடைக் கணக்கையாவது எழுதிக் கொடுங்கள், சம்பளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இன்னொன்று ஆங்கிலம். உயர்தரம் வரை கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் மூன்றையும் தமிழில் படித்த பிள்ளை, பீடத்தில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டும். "ஐந்தொகை" என்று தெரிந்த விஷயமே "பலன்ஸ் ஷீட்" என்று வேறு பெயரில் வரும்போது முதல் அரையாண்டில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் தடுமாறுகிறார்கள். பெறுபேறுக்கும் கம்பஸ் தொடங்குவதற்கும் இடையில் வரும் நீண்ட காலத்தை ரீல்ஸ் பார்த்துக் கழிக்காமல் இதற்குச் செலவழிக்கலாம்.

கணக்குத்தான் உயிர் என்ற பிள்ளைக்குப் பட்டம் ஒன்றே வழி என்றும் இல்லை. பட்டயக் கணக்காளர் பரீட்சைகளைப் பட்டப்படிப்போடு சேர்த்தும் செய்யலாம், தனியாகவும் செய்யலாம். ஆனால் அதில் பயிற்சிக்காலம் உண்டு, தோல்விகளும் உண்டு. பாதியில் விட்டவர்களை எனக்குத் தெரியும். "பட்டம் எடுத்தால் அரச வேலை வருமே" என்று சொல்கிற பெற்றோரிடம் நான் வாதாடுவதில்லை. எப்போது வரும் என்று மட்டும் கேட்பேன்.

சரி, படிப்பதென்று முடிவெடுத்தாயிற்று. விண்ணப்பத்தில் விருப்ப வரிசையை உண்மையான விருப்பப்படியே போடுங்கள். போன வருட வெட்டுப்புள்ளியை (இடம் கிடைத்த கடைசிப் பிள்ளையின் புள்ளியை) பார்த்துப் பயந்து, ஆசைப்பட்டதைக் கீழே தள்ளுகிறவர்கள் ஏராளம். தெரிவு உங்கள் வரிசையில் மேலிருந்துதான் பார்க்கப்படும்; மேலே ஒன்று கிடைக்காததால் கீழே உள்ளது பறிபோகாது. இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தக் கடைசிப் பட்டியலிலும் இருக்கிறது.

பல்கலைக்கழக அனுமதிக் கைநூலில் "முகாமைத்துவக் கற்கைகள் ரீவி (TV)" என்று ஒரு படிப்பு வரும். நமது திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடலும் வணிகக் கற்கைகளும் ஒரே பீடத்தில் இருப்பதால், ஒரு தகப்பன் அதைத் தொலைக்காட்சிப் படிப்பு என்றே நினைத்து மகனைத் திட்டிக்கொண்டு வந்தார். அந்த ரீ திருகோணமலை, வீ வவுனியா.