கிளைக்கேஷன்: சர்க்கரையேறல்

நீரிழிவு உள்ளவர்கள் 'மூன்று மாதச் சர்க்கரை' என்று சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனைக்கு அடிப்படையான வேதிவினையின் பெயர் கிளைக்கேஷன். இனிப்பான என்று பொருள்படும் 'கிளைக்கிஸ்' என்ற கிரேக்கச் சொல் இதன் வேர். குளுக்கோஸும் அதே குடும்பத்துச் சொல்தான்.

இரத்தத்தில் மிகுந்திருக்கும் குளுக்கோஸ், எந்த நொதியின் துணையும் இல்லாமல் தானே புரதத்தில் ஒட்டிக்கொள்வதே கிளைக்கேஷன். நொதி முன்னின்று, செல்லின் தேவைக்காகப் புரதத்தோடு சர்க்கரையை இணைப்பது கிளைக்கோசிலேஷன். இரண்டையும் பொதுவாகச் 'சர்க்கரையேற்றம்' என்று எழுதினால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். தன்வினை, பிறவினை என்ற பகுப்பு தமிழிலேயே இருப்பதால், தானாக நிகழ்வதைச் 'சர்க்கரையேறல்' என்றும் நொதி நிகழ்த்துவதைச் 'சர்க்கரையேற்றல்' என்றும் பிரித்து வழங்குவதே பொருத்தம். ஆய்வக அறிக்கைகள் சிலவற்றில் இன்றும் காணப்படும் 'கிளைக்கோசிலேட்டட் ஹீமோகுளோபின்' என்ற தொடர், கண்டிப்பாகப் பார்த்தால், பிழையானது; சிவப்பணுவின் புரதமான ஹீமோகுளோபினில் சர்க்கரை தானாகவே ஏறுகிறது, ஹெச்பிஏ1சி அளப்பதும் அதைத்தான்.

நீரிழிவு நோயாளிகளின் ஹீமோகுளோபினில் இந்த மாற்றம் மிகுந்திருப்பதை 1968-இல் தெஹ்ரானில் ஆய்வாளர் சாமுவேல் ரஹ்பர் கண்டறிந்தார். சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால், அதிலுள்ள ஹீமோகுளோபினில் ஏறிய சர்க்கரை அந்தக் காலத்தின் சராசரியைக் காட்டுகிறது. எனினும் அளவில் ஏறத்தாழப் பாதி, கடைசி ஒரு மாதத்தைச் சேர்ந்தது.

ஹீமோகுளோபினில் சர்க்கரை ஏறுவதை நாம் அளக்கிறோம் என்பதற்காக, அது அங்கு மட்டுமே ஏறுகிறது என்று கொள்ளக் கூடாது. 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்டிஎல் துகளின் புரதத்திலும் அது ஏறுகிறது. அவ்வாறு மாறிய துகளைக் கல்லீரலின் ஏற்பிகள் சரிவர அடையாளம் காணாததால், அது இரத்தத்தில் நீண்ட நேரம் தங்கி, ஆக்சிஜனேற்றம் அடைந்து, தமனிச் சுவரில் படிய ஏதுவாகிறது. இதயத்தைப் பொறுத்தவரை சர்க்கரையும் கொலஸ்டிராலும் தனித்தனிக் கணக்குகள் அல்ல என்பதற்கு இது ஒரு காரணம்.

புதிதாக இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த பிரிட்டனின் யுகேபிடிஎஸ் ஆய்வு, இதயத் தமனி நோய்க்கான காரணிகளை 1998-இல் வரிசைப்படுத்தியபோது எல்டிஎல் மிகுதி முதலிடத்திலும், 'நல்ல கொழுப்பு' எனப்படும் ஹெச்டிஎல்லின் குறைவு இரண்டாமிடத்திலும், ஹெச்பிஏ1சி மிகுதி மூன்றாமிடத்திலும் நின்றன. 2004-இல் வெளியான கார்ட்ஸ் ஆய்வில், எல்டிஎல் மிகையாக இல்லாத நீரிழிவு நோயாளிகளுக்குக்கூட கொலஸ்டிராலைக் குறைக்கும் மாத்திரையான அட்டோர்வாஸ்டாடினை 10 மில்லிகிராம் கொடுத்தபோது மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் 37 சதவீதம் குறைந்தன. ஆகவே 'மூன்று மாதச் சர்க்கரை' 7 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறது என்பதற்காகக் கொலஸ்டிரால் மாத்திரையைத் தாமாக நிறுத்துவதற்கு மருத்துவ அடிப்படை எதுவும் இல்லை.