கேட்வேயைப் பெட்டியில் வந்தபடியே மாட்டி விடாதீர்கள்

"சார், நாலு கால் போகுது. அப்புறம் கிளைக்கு லைனே கிடைக்கறதில்ல." கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியின் வரவேற்பில் இருந்த பெண் சொன்னது இது. ஒவ்வொரு முறையும் கேட்வேயின், அதாவது போன் லைனை இன்டர்நெட்டோடு இணைக்கும் பெட்டியின், பவர் பிளக்கைப் பிடுங்கிச் செருகியே மூன்று வாரம் ஓட்டியிருந்தார். நாலு கால் என்று அவர் எண்ணி வைத்திருந்ததுதான் எனக்கு வழி காட்டியது. அந்த கேட்வேயில் இருந்ததும் நாலு போர்ட்.

தலைமை அலுவலக இபிஏபிஎக்ஸின் (அலுவலகப் போன்களை ஒன்றோடொன்றும் வெளி லைனோடும் இணைக்கும் பெட்டி) நாலு எக்ஸ்டென்ஷன்கள் கேட்வேயின் எஃப்எக்ஸ்ஓ போர்ட்டுகளுக்குப் போயிருந்தன. அந்த போர்ட் ஒரு சாதாரணப் போன் மாதிரியே லைனில் உட்காரும். அங்கிருந்து இன்டர்நெட் வழியாகத் திருநெல்வேலி கிளை. கிளையிலும் இதே மாதிரி ஒரு கேட்வே, ஒரு இபிஏபிஎக்ஸ். ஒயரிங்கில் குறையே இல்லை. ஆனால் யாரும் பேசாத நேரத்திலும் கேட்வேயில் நாலு போர்ட்டின் விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. டெஸ்ட் போனை, ஒயர்கள் வந்து சேரும் க்ரோன் பிளாக்கில் கிளிப் செய்து கேட்டேன். பிஸி டோன், விடாமல்.

நடந்தது இதுதான். பேசி முடித்து இரண்டு பக்கமும் ரிசீவரை வைத்துவிடுகிறார்கள். இரண்டு இபிஏபிஎக்ஸும் தத்தம் கேட்வேக்கு பிஸி டோன் கொடுக்கின்றன. மனிதர் காதில் அது விழுந்தால் போனை வைத்துவிடுவார். கேட்வேக்கு அந்த டோன் இன்னதென்று சொல்லிக் கொடுத்திருந்தால்தான் லைனை விடும். நம் ஊர் பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ், முக்கால் விநாடி ஒலி, முக்கால் விநாடி மௌனம். அமெரிக்காவில் 480, 620 ஹெர்ட்ஸ் இரண்டும் சேர்ந்து, அரை விநாடிக்கு அரை விநாடி. அந்தப் பெட்டிகள் அமெரிக்க அமைப்பிலேயே இருந்தன. ஆக, இந்த கேட்வே இங்கே கேட்ட பிஸி டோனை அங்கே அனுப்ப, அந்த கேட்வே அங்கே கேட்டதை இங்கே அனுப்ப, ஆளில்லாத அழைப்பு முடியாமல் போய்க்கொண்டே இருந்தது.

டோன் அமைப்பில் 400 ஹெர்ட்ஸ், 750 மில்லி விநாடி ஒலி, 750 மில்லி விநாடி மௌனம் என்று போட்டதும் சரியாகிவிட்டது. சில இபிஏபிஎக்ஸ்களின் டோன் கொஞ்சம் வேறாக இருக்கும். அதனால் புத்தகத்தை மட்டும் நம்பாமல், லைனில் வருவதைப் பதிவு செய்து அளந்து பாருங்கள்.

அதே பெட்டியில் நான் பார்த்த இன்னொன்று இதைவிட ஆபத்தானது. அட்மின் பாஸ்வேர்டும் பெட்டியைத் தயாரித்த கம்பெனி போட்டு அனுப்பியதுதான். இன்டர்நெட் அழைப்புகள் வந்து போகும் 5060 என்ற நெட்வொர்க் போர்ட்டை ரூட்டரில் உலகத்துக்கே திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே நுழைகிறவன் அந்த எக்ஸ்டென்ஷனில் 0 போட்டால் வெளி லைன், அப்புறம் 00 போட்டால் ஐஎஸ்டி. இந்த மாதிரித் திருட்டு பெரும்பாலும் விடுமுறை நாளில், ராத்திரியில் நடக்கும். பில் வரும்போதுதான் தெரியும், பணம் கட்ட வேண்டியவர் லைன் சொந்தக்காரர்.

கிளையோடு பேச மட்டும்தான் அந்த எக்ஸ்டென்ஷன்கள் என்றால் அவற்றுக்கு வெளி லைனே கொடுக்காதீர்கள். ஐஎஸ்டி தேவையில்லாத அலுவலகம் என்றால் இபிஏபிஎக்ஸில் தடுப்பதோடு தொலைபேசி நிறுவனத்திடமும் எழுதிக் கொடுத்து நிறுத்திவிடுங்கள். இரண்டு கேட்வேக்கும் நடுவே விபிஎன், அதாவது இன்டர்நெட்டுக்குள்ளேயே வெளியாள் நுழைய முடியாத தனிப் பாதை, போடுங்கள்.

இப்போதெல்லாம் வேலை முடிந்ததும் நாலு போர்ட்டிலும் கிளைக்குக் கால் போட்டுப் பேசி, இரண்டு பக்கமும் வைக்கச் சொல்லிவிட்டுப் பெட்டி முன்னால் நிற்பேன். நாலு விளக்கும் அணைந்த பிறகுதான் டூல்கிட்டை மூடுவேன்.