வினை கிடைத்துவிட்டது, செய்தவர் எங்கே?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எஸ்.பி.எம். (படிவம் ஐந்து முடிவில் எழுதும் அரசுத் தேர்வு) மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். தோட்டத்துப் பிள்ளைகள், அல்லது தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிவந்த குடும்பத்துப் பிள்ளைகள். "இலக்கணச் சொற்களை எல்லாம் மனப்பாடம் செய்ய வைத்துவிடுங்கள், டீச்சர்" என்று பெற்றோர் கேட்டுக்கொள்கிறார்கள். மனப்பாடம் வீண் வேலை. நவுன், வெர்ப் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் பெயர் எழுதி வைத்தால் பத்தி புரிந்துவிடாது. பெயர் தெரிந்த பிறகு கேள்வி கேட்க வேண்டும்.

இந்த வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: 'இந்தியன் லேபரர்ஸ் வேர் பிராட் டு மலாயா' (இந்தியத் தொழிலாளர்கள் மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள்). சப்ஜெக்ட் எது என்று கேட்டேன். "லேபரர்ஸ்" என்றாள் படிவம் நான்கு மாணவி. சரி, கொண்டுவந்தது யார்? மறுபடி மறுபடி படித்துப் பார்த்தாள். "இதில் இல்லையே, டீச்சர்."

இல்லைதான். இதுதான் பேசிவ் வாய்ஸ், நம்முடைய செயப்பாட்டுவினை. தமிழில் 'படு', மலாயில் 'டி' முன்னொட்டு, ஆங்கிலத்தில் 'பி' வினையோடு (இங்கே 'வேர்') பாஸ்ட் பார்ட்டிசிப்பிள் (இங்கே 'பிராட்'). எப்படி அமைந்தாலும் செய்தவரைச் சொல்லாமல் விட அது இடம் கொடுக்கும். இந்த வாக்கியத்தில் விடுபட்டவர்கள் கொஞ்ச நஞ்சம் பேர் இல்லை. தன் ஊரிலேயே ஆள் திரட்டிய கங்காணி இருக்கிறார். தோட்ட முதலாளிகளிடம் பணம் வசூலித்துக் கப்பல் செலவைக் கொடுத்த, 1907இல் அமைந்த இந்தியர் குடியேற்றக் குழு இருக்கிறது. 1910இல் ஒழிக்கப்படும்வரை ஒப்பந்தக் கூலிமுறையை நடத்தியவர்களும் உண்டு. (நானே 'ஒழிக்கப்படும்வரை' என்று எழுதிவிட்டேன் பாருங்கள். யார் ஒழித்தது?)

அதற்காகப் பேசிவ் வந்த இடமெல்லாம் சூழ்ச்சி என்று நினைக்க வேண்டாம். அறிவியல் கூடத்தில் 'நீர் சூடாக்கப்பட்டது' என்றால் போதும். அடுப்பைப் பற்றவைத்தவர் பெயர் யாருக்கு வேண்டும்? செய்தவர் முக்கியமான இடத்தில் காணாமல் போனால்தான் பென்சிலை எடுக்க வேண்டும்.

இன்னும் நுட்பமானது நாமினலைசேஷன். 'தி குளோஷர் ஆஃப் தி எஸ்டேட்' (தோட்டத்தின் மூடல்) என்னும்போது மூடியவரும் இல்லை, மூடிய காலமும் இல்லை. வினை பெயராகிவிட்டது. தொழிற்பெயர் காலம் காட்டாது என்று தமிழ் இலக்கணத்தில் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. அதை மறுபடி வினையாக்கிப் பார்க்கச் சொல்வேன்: யார், எதை, எப்போது மூடினார்கள்? பதில் பத்தியில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் 'பதில் இல்லை' என்பதையே விடைத்தாளில் எழுதலாம்.

மோடல் வெர்ப் என்னும் துணைவினைகளில் அடிபடுவது 'மே'. பிள்ளைகள் எல்லா இடத்திலும் 'ஒருவேளை' என்றே படிக்கிறார்கள். மோட்டார் சைக்கிள் தவணை ஒப்பந்தத்தில் 'தி ஓனர் மே' என்று வந்தால் அது ஒருவேளை அல்ல, ஓனர் என்று அங்கே குறிப்பிடப்படும் தவணை நிறுவனத்துக்கு அந்த உரிமை இருக்கிறது என்று பொருள். 'ஷேல்' வந்தால் கட்டாயம். அப்பா கையெழுத்துப் போடும் முன் பிள்ளை இந்த இரண்டு சொற்களுக்கு மட்டும் வட்டம் போட்டுக் காட்டட்டும்.

புரோநவுனில் 'வீ' ஒன்றைக் கவனித்தால் போதும். நாமா நாங்களா, மலாயில் கித்தாவா காமியா என்று ஆங்கிலம் சொல்லாது. 'வீ மஸ்ட் சாக்ரிஃபைஸ்' என்று தலைவர் பேசினால், தியாகம் செய்யப்போகிறவர்களில் அவரும் உண்டா என்று பேச்சின் மற்ற வரிகளில்தான் தேட வேண்டும்.

ஃபிரேஸ் (சொற்றொடர்), கிளாஸ் (எழுவாயும் வினையும் உள்ள தொடர்) வேறுபாட்டுக்கு நான் அதிக நேரம் கொடுப்பதில்லை. வாசிக்க வாசிக்கப் பிடிபட்டுவிடும்.

படிவம் ஒன்றிலேயே தொடங்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகத் தொடங்கலாம். தமிழ்ப்பள்ளியில் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் படித்த பிள்ளைக்கு அந்தப் பெயர்களை வைத்தே ஆங்கில வாக்கியத்தைப் பிரித்துக் காட்டுங்கள். ஆங்கிலப் பெயர்கள் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும்.